வாசனை இல்லாத களிம்பு

பத்தொன்பதாவது தலையைக் கழுவிக்கொண்டிருந்தபோது கத்திரி என்பவளின் நடுவிரல் வெடித்தது. புது வெடிப்பு இல்லை. மூட்டின் மேல் பழைய கோடு ஒன்று இருந்தது, அது இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்துகொண்டது. ஷாம்பு நுரையின் ஓரம் ரோஸ் நிறமானது. தொட்டியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்த பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்த பிறகுதான், தோளில் கிடந்த வெள்ளைத் துண்டில் விரல் அகலத்துக்கு ஒரு கறையைப் பார்த்தாள்.

"இது யாரோட ரத்தம்?"

முடிதிருத்தும் நிலையத்தில் பேச்சு நிற்பது அபூர்வம். அன்று நின்றது. முதலாளியம்மா ஓடி வந்து துண்டை உருவி, கறை உள்ளே போகும்படி மடித்து, மன்னிப்புக் கேட்டு, வேறு துண்டு போர்த்தினார். அந்தப் பெண் போனதும், துண்டு காயப்போடும் பின்னறைக்குக் கத்திரியைக் கூப்பிட்டார்.

"கையைக் காட்டு."

காட்டினாள். இரண்டு கையும் மணிக்கட்டு வரை சிவந்து, மூட்டுக்கு மூட்டு பிளந்து, விரலிடுக்குகளில் தோல் வெள்ளைச் செதிளாக எழும்பியிருந்தது.

"இதை வச்சிக்கிட்டா ஒரு வாரமா தலை கழுவுற?"

"மூணு மாசமா, மேடம்."

கத்திரி என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. கையில் இருப்பது கூர்மையா, வாயில் இருப்பது கூர்மையா என்று கடையில் சந்தேகம் வந்த நாளிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. பதினோரு வருஷமாக அங்கே முடி வெட்டுகிறாள். அந்தக் கடையில் ஒரு விதி உண்டு. யார் வெட்டுகிறாரோ அவரேதான் கழுவ வேண்டும். தலையைக் கையால் தடவி, மண்டையின் மேடு பள்ளம் தெரிந்துகொள்ளாதவர் வெட்டவும் கூடாது என்பது முதலாளியம்மாவின் கட்சி. ரப்பர் கையுறை சாயம் பூச மட்டும். கழுவும்போது போட்டால் முடி இழுபடும், ஆட்கள் முகம் சுளிப்பார்கள். ஆகவே கை போனால் கத்தரிக்கோலும் போயிற்று.

"ஜன்னலோர நாற்காலி காலியாகப் போவுது, தெரியும்ல?" என்றார் முதலாளியம்மா. கடையிலேயே முதல் நாற்காலி அது. அங்கே நின்று வெட்டுபவர் மகளோடு இருக்க வேறு ஊர் போகிறார். "அது உனக்குன்னுதான் நெனச்சிருந்தேன். ரெண்டு மாசம் தரேன். கடைசி சனிக்கிழமை நானே பாப்பேன். கை சரியாயிருந்தா நாற்காலி உனக்கு. இல்லன்னா பக்கத்துத் தொட்டி சுருட்டைக்கு. நீ போன் மேஜையில உக்காந்துக்க."

"போன் எடுக்கவா மேடம் பதினோரு வருஷம் கத்தரிக்கோல் பிடிச்சேன்?"

"ரத்தம் பூசவா நான் கடை வச்சேன்?"

கத்திரி இரண்டு கையையும் இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

தோல் மருத்துவர், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, அவளுடைய முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளை வரிசையாக ஒட்டி அனுப்பினார். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது ஒன்றே ஒன்றின் கீழ் மட்டும் தோல் தடித்துச் சிவந்திருந்தது.

"வாசனைப் பொருள்தான் உங்களுக்கு ஆகல," என்றார். "இந்த மருந்தை ரெண்டு வாரம் போடுங்க, அதுக்கு மேல வேண்டாம். கடையில வாசனை இல்லாத ஷாம்பு இருந்தா அதையே எடுத்துக் கழுவுங்க. கைக்கும் வாசனையே இல்லாத எண்ணெய்ப்பசையாப் பாத்துத் தடவிக்கிட்டே இருங்க. ஒரு நாளைக்கு எத்தனை தலை?"

"இருபது, இருபத்திரண்டு."

"அப்ப இருபத்திரண்டு தடவை தடவணும்."

ஷாம்பு எளிதாகக் கிடைத்தது. குழந்தைகளுக்கென்று ஒன்று பின்னறையில் தூசி படிந்து கிடந்தது. மருந்தில் இரண்டு வாரத்துக்குள் கை பாதி ஆறியது. மருந்தை நிறுத்தியதும் வெடிப்பு மறுபடியும் திரும்பியது. அடுத்ததாகத் தேட வேண்டியது எண்ணெய்ப்பசை. கத்திரி பெரிய கடை ஒன்றின் அழகுசாதன அடுக்குக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றாள். எல்லா டப்பாவிலும் இலைப் படம். எல்லாவற்றிலும் இயற்கை, தாவரம், தூய்மை. பின்பக்கம் எறும்பு எழுத்தில், கடைசிக்கு முந்தைய வரியில், வாசனைப் பொருள். ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துத் திரும்ப வைத்தாள். பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண், "என்னக்கா தேடுறீங்க?" என்றாள்.

"நாறாததா ஒண்ணு."

"எதுவுமே நாறாதுக்கா, எல்லாம் ரோஜா, மல்லின்னு…"

"அதைத்தான் சொல்றேன்."

எங்காவது ஓர் அடுக்கில் இருந்திருக்கலாம். அவள் கண்ணில் படவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து, சமையல் மேஜையில் கையிரண்டையும் விரித்து வைத்துக்கொண்டு, "நானே செஞ்சுக்கறேன்" என்றாள்.

அவள் கணவன் பெயிண்டர். வீடுகளுக்கு வெள்ளை அடிப்பவன், சுவர் பார்ப்பவன். மனைவியின் கையையும் அவன் சுவராகத்தான் பார்த்தான். விரலால் தட்டி, வெளிச்சத்தில் சாய்த்து, "நல்லா விரிசல் விட்டிருக்கு" என்றான்.

"இதைச் சொல்ல ஒரு பெயிண்டர் வேணுமா?"

"கலக்கறதை எங்கிட்ட விடு. இருபது வருஷமா கலக்கறேன்."

முதல் சரக்கு கற்றாழை. யோசனை சுருட்டையுடையது. பக்கத்துத் தொட்டியில் வேலை பார்ப்பவள், நல்லவள், கத்திரியின் கை ஆறாவிட்டால் நாற்காலி தனக்கு என்பதும் தெரிந்தவள். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம். கத்திரி மடலைச் சீவி, சோற்றை எடுத்து, எண்ணெயோடு அரைத்துப் பாட்டிலில் ஊற்றினாள். முதல் நாள் கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது. நான்காம் நாள் மூடியைத் திறந்தால் புளித்த வாடை. ஆறாம் நாள் மேலே சாம்பல் நிறத்தில் பூனை முடி முளைத்திருந்தது.

"தண்ணி இருக்குல்ல, அதான் பூசணம்," என்றான் பெயிண்டர். "எங்க பெயிண்டுல அதுக்குத் தனியா மருந்து போடுறான். நாம தண்ணியே சேக்காம செய்வோம்."

அதில் அவன் சொன்னது சரி. சூரியகாந்தி எண்ணெய், ஷியா என்ற ஆப்பிரிக்க மரக்கொட்டையின் கொழுப்பு, அரிசித் தவிட்டிலிருந்து எடுக்கும் மெழுகு. மூன்றே சாமான். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினார்கள். மெழுகு கூடினால் மெழுகுவர்த்தியாகிவிட்டது, குறைந்தால் விரலிடுக்கில் ஒழுகியது. மெல்ல ஆறவிட்டபோது கொழுப்பு மணல் மணலாகத் திரண்டது. பெயிண்டர், கட்டி தட்டிய பெயிண்டை வடிகட்டும் வலைத்துணியில் புதிதாக ஒரு துண்டு வாங்கி வந்து வடித்தான். பிறகு பாத்திரத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் உட்காரவைத்து விடாமல் கிளறினான். ஐந்தாவது தடவை சரியாக வந்தது. வெளிர்மஞ்சள், வழவழப்பு, விரல் பட்டதும் உருகுகிற பதம். மணக்கவே இல்லை. மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் எங்கோ தூரத்தில் எண்ணெய்ச் சட்டி.

சுருட்டைக்கு அது பிடிக்கவில்லை. "ஐயோ, இதைப் பூசிக்கிட்டா தலை கழுவப் போற?" என்று தன் கைப்பையிலிருந்த எலுமிச்சைப்புல் தைலத்தில் ஏழெட்டுச் சொட்டு விட்டுக் கிளறிக் கொடுத்தாள். "பயப்படாத, புல்லுல இருந்து எடுத்ததுதான். சுத்தமான இயற்கை." கத்திரியும் தடவிப் பார்த்தாள். புல்லில் இருந்து வந்தது என்ன செய்துவிடும் என்ற நினைப்புதான். கால் மணி நேரத்தில் இரண்டு கையும் அடுப்பில் வைத்ததுபோல் எரிந்தது. குழாயடியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் கழுவினாள்.

"வேணும்னு செய்யலடி," என்றாள் சுருட்டை. முகம் சுண்டிப்போயிருந்தது.

"தெரியும். நாற்காலி வேணும்னா நீ நேரா கேப்ப. எனக்குத்தான் புத்தி இல்ல. உடம்பெல்லாம் அரிக்க வைக்கிற செடியும் செடிதான. அதையும் இயற்கைன்னு பூசிக்கலாம்."

அந்த டப்பா குப்பைக்குப் போனது. புதிதாக ஒன்று செய்தாள். மூன்று சாமான், சொட்டு வாசனை கிடையாது. அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டி, "மணக்க வைக்கிறவர் கை முறியும்" என்று எழுதினாள்.

இத்தனைக்குப் பிறகும் கை ஆறவில்லை.

அதற்குக் காரணம் பெயிண்டர். அவன் கெட்டவன் இல்லை. நல்ல தொழிலாளி, அதுதான் சிக்கல். களிம்பை முதல் தடவை டப்பாவில் அடைத்தபோதே அவளை உட்காரவைத்துப் பாடம் எடுத்திருந்தான்.

"ஈரச் சுவர்ல பெயிண்ட் அடிச்சா என்ன ஆகும்?"

"உரியும்."

"எப்ப உரியும்?"

"நீங்க பணத்தை வாங்கிட்டு வந்த மறுநாள்."

"சிரிக்காத. மேல என்ன பூசினாலும் அடியில ஈரம் இருந்தா ஒட்டாது. பொட்டு ஈரம் இருக்கக்கூடாது. நல்லாத் தொடை. துண்டு போதாது, உங்க கடையில டிரையர் இருக்கே, அதுல காய வை. சுண்ணாம்பு மாதிரி காஞ்சப்புறம் பூசு. அப்பத்தான் பிடிக்கும்."

ஒன்பது வருஷமாக அவனோடு குடித்தனம் நடத்தியவள். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் வாழைத்தோல்போல் உரிந்து தொங்குவதை அவளே பார்த்திருக்கிறாள். அவன் சொன்னது மண்டையில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு தலை முடிந்ததும் துண்டில் துடைப்பாள், டிரையரைச் சூட்டில் வைத்துக் கையைக் காய வைப்பாள், தோல் இழுத்துப் பிடிக்கும், அப்புறம் களிம்பைத் தேய்ப்பாள். ஒரு நாளைக்கு இருபது தடவை. கை ஓலைபோல் சரசரத்தது. பெயிண்டரோ, "பத்தலபோல, இன்னும் காய வை" என்றான்.

கெடுவுக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் இல்லாத மத்தியான வேளையில், கத்திரி இரண்டு கையையும் ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். பிறகு திருப்பிப் பார்த்தாள். ஏதோ கணக்கு உதைத்தது.

வலது கை ஆறிக்கொண்டிருந்தது.

மொத்தமாக இல்லை. ஆனால் மூட்டுகளின் கோடுகள் மூடியிருந்தன, செதிள் அடங்கியிருந்தது. இடது கை அப்படியே மீன் தோலாகக் கிடந்தது. அவள் வலக்கைக்காரி. ஷாம்பு எடுப்பதும் தேய்ப்பதும் அலசுவதும் பாதிக்கு மேல் வலது கைதான். நியாயமாகப் பார்த்தால் அதுதான் முதலில் கெட வேண்டும். ஒரே தண்ணீர், ஒரே ஷாம்பு, ஒரே டப்பா. இருந்தும் அதிகம் உழைத்த கை நன்றாக இருந்தது, சும்மா கூட இருந்த கை நாசமாகியிருந்தது.

அன்று சாயங்காலம் வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தலையைக் கழுவி முடித்து டிரையரை எடுத்தாள். வலது கையில் பிடித்து இடது கையைக் காய வைத்தாள். பிறகு இடது கைக்கு மாற்றினாள்.

பக்கத்துத் தொட்டியில் சுருட்டை சிரித்தாள். "டிரையரை இடது கையில பிடிக்க இன்னும் கத்துக்கலையாடி நீ? பாக்கவே கண்றாவியா இருக்கு. கைக்குக் காத்து போவுதா, கூரைக்குப் போவுதான்னு தெரியல. ரெண்டு செகண்டு ஆட்டிட்டுக் கீழ வச்சிடற."

"என்ன சொன்ன?"

"தப்பா எடுத்துக்காத, சும்மா…"

"இல்ல. திரும்பச் சொல்லு."

"ரெண்டு செகண்டு ஆட்டிட்டுக் கீழ வச்சிடறன்னு சொன்னேன். வலது கை ஈரமாவே இருக்கும். அதோடதான் தினமும் டப்பாவைத் திறக்கற. டப்பா மூடியெல்லாம் தண்ணி."

கத்திரி டிரையரை அணைத்தாள். வலது கையைப் பார்த்தாள். விரல் முனைகளில் இன்னும் ஈரம் மினுங்கியது.

அவ்வளவுதான் விஷயம். சுவருக்குள் ஈரம் இருக்கக் கூடாது, தோலுக்குள் இருக்க வேண்டும். எண்ணெய்ப்பசை தானாக ஈரம் தராது. இருக்கிற ஈரத்தை ஓடவிடாமல் மூடி வைக்கும். அவள் இத்தனை நாளும் இடது கையில் இருந்த ஈரத்தை ஒன்றுவிடாமல் சூடு வைத்து விரட்டிவிட்டு, வெறும் வீட்டுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். வலது கை தப்பித்தது அவளுடைய புத்தியால் இல்லை, இடது கையின் கோணங்கித்தனத்தால்.

டிரையரை அதன் கொக்கியில் மாட்டினாள். இரண்டு கையையும் குழாயில் நனைத்து, இரண்டு உதறு உதறி, துண்டில் லேசாக ஒற்றி, பயறளவு களிம்பை எடுத்து ஈரத்தோடு ஈரமாகத் தேய்த்தாள். முதலில் வழுக்கியது, பிறகு உள்ளே இறங்கியது. கை இழுத்துப் பிடிக்கவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது பெயிண்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அது எப்படி? ஈரத்துல எதுவும் பிடிக்காது."

"என் கை உங்க சுவர் இல்லீங்க."

"தத்துவம் ஒண்ணுதான்."

"அப்ப இதைப் பாருங்க." இரண்டு கையையும் அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "வலது கை என் பேச்சு. இடது கை உங்க பேச்சு."

அவன் நெடுநேரம் பார்த்தான். இடதைத் தட்டினான், வலதைத் தட்டினான். தன் தொழிலில் அவனுக்கு ஒரு நேர்மை உண்டு. கண்ணால் பார்த்ததை மறுக்கமாட்டான். "மூணு வாரம் போதுமா?" என்று மட்டும் கேட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் சொல்லாமலே புதிய சரக்கு உருக்கி வைத்திருந்தான்.

மூன்று வாரமும் கத்திரி கெட்டியாக ஒரே முறையைப் பிடித்துக்கொண்டாள். கழுவு, உதறு, ஒற்று, தேய். வாடிக்கையாளர் காத்திருந்தாலும் அந்த அரை நிமிஷத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வெந்நீரைக் குறைத்தாள். படுக்கும் முன் நனைந்த கையில் கொஞ்சம் கூடுதலாகப் பூசி, பருத்தி உறை மாட்டிக்கொண்டாள். முதல் வாரக் கடைசியில் இடது கையின் செதிள் உதிர்ந்தது. இரண்டாவது வாரம் மூட்டுகள் மூடின. மூன்றாவது வாரம் ஒரு நாள் தலை கழுவும்போது திடீரென்று ஏதோ குறைவதுபோல் இருந்தது. என்ன என்று யோசித்தாள். எரிச்சல். அது போய் இரண்டு நாளாகிறது, அவள் கவனிக்கவே இல்லை.

கடைசி சனிக்கிழமை காலை முதலாளியம்மா வழக்கத்துக்கு முன்பே வந்து, கைப்பையை வைத்து, செருப்பைக் கழற்றி, நேராகக் கத்திரியின் தொட்டியில் தலையைச் சாய்த்தார். கடையில் யாருக்கும் தலையைக் கொடுக்காதவர் அவர்.

"கழுவு. கை சொரசொரன்னு பட்டுச்சு, அப்பவே எந்திரிச்சிடுவேன்."

கத்திரி கழுவினாள். நெற்றியிலிருந்து உச்சிக்கு, உச்சியிலிருந்து பிடரிக்கு, காதுக்குப் பின்னால் வட்டமாக. எதுவும் சொரசொரக்கவில்லை. நான்காவது நிமிஷத்தில் முதலாளியம்மாவின் வாய் லேசாகத் திறந்தது. ஐந்தாவது நிமிஷத்தில் குறட்டை வந்தது. நல்ல கட்டையான குறட்டை. சுருட்டை துண்டால் வாயை மூடிக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள்.

எழுந்த பிறகு முதலாளியம்மா தூங்கவே இல்லை என்றார். "ஒரு தலையை வச்சு எதுவும் சொல்ல முடியாது. சாயங்காலம் பாக்கறேன்."

அன்று இருபத்து நான்கு தலை. மாதக் கடைசிச் சனிக்கிழமை எப்போதும் அப்படித்தான். சாதாரணக் கையே வெடித்துவிடும் நாள். கடையைப் பூட்டும் நேரத்துக்கு முதலாளியம்மா மேஜை விளக்கைப் போட்டு, கத்திரியின் கைகளை அதன் கீழே இழுத்தார். துணிக்கடையில் சேலையைப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் திருப்பினார். விரல்களை விரித்து இடுக்குகளைப் பார்த்தார். கட்டை விரலால் ஒவ்வொரு மூட்டையும் அழுத்தினார்.

"இது இருபத்து நாலு தலை கழுவின கையா?"

"இருபத்தஞ்சு. காலையில தூங்காம ஒருத்தர் கழுவிக்கிட்டாங்களே, அவங்களையும் சேத்துக்கங்க."

முதலாளியம்மா சிரிக்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை. டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து மோந்தார். "என் கைக்கும் ஒரு டப்பா வேணும். கொஞ்சம் ரோஜா மணம் சேத்து, நல்லதா ஒரு இலைப் படம் ஒட்டினா இங்கயே வச்சு எல்லாருக்கும் கொடுக்கலாம்."

"மணம் சேக்க முடியாது, மேடம்."

"துளிதான்…"

"துளியும் சேக்க முடியாது. இலைப் படமும் வேண்டாம். வேணுங்கறவங்க கையைக் கழுவிட்டு ஈரத்தோட வரச் சொல்லுங்க, நானே தேச்சு விடறேன்."

முதலாளியம்மா டப்பாவை மூடி அவள் முன்னால் வைத்தார். "சரி. திங்கட்கிழமை உன் சாமானை ஜன்னல் பக்கம் மாத்திக்க."

"திங்கட்கிழமை எதுக்கு?" என்றாள் கத்திரி. அப்போதே சீப்பு, கத்தரிக்கோல், கிளிப்புகள் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போய் ஜன்னலோரக் கண்ணாடி முன்னால் பரப்பினாள். முன்பு இருந்தவர் நெட்டையர். நாற்காலியின் உயரம் அவள் மார்புக்கு வந்தது. மிதியை மிதித்துத் தன் உயரத்துக்கு இறக்கினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். சுருட்டை தன் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், தேவைக்கு மேல் அழுத்தமாக.

"அடியே. வா இங்க."

"எதுக்கு?"

"உன் தலையில யாராவது கை வச்சு ஒரு வருஷமாகுது. பாக்கறவங்க கடையைத் தப்பா நெனப்பாங்க. முதல் தலை உன்னோடது."

சுருட்டை துணியைத் தொட்டி விளிம்பில் போட்டாள். முகத்தில் கொஞ்சம் கோபம் இருந்தது, கொஞ்சம் வேறு ஏதோ இருந்தது. "கோணலா வெட்டின, நாற்காலியையே தூக்கிட்டுப் போயிடுவேன்."

"தூக்கு. முதல்ல வந்து சாஞ்சு படு, கழுவணும்."

வாசலில் பெயிண்டர் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தான். என்ன ஆயிற்று என்று புருவத்தால் கேட்டான். கத்திரி நுரை வழியும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அவன் வெளியே நின்றபடியே ஹெல்மெட்டைத் தட்டித் தாளம் போட்டான். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"உள்ள வந்து உக்காருங்க," என்று கத்தினாள். "எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் வேலை இருக்கு."